பதினேழும் பன்னிரண்டும்

"சார், உங்க மனசாட்சிக்கே இது நியாயமாப் படுதா?"

சுப்ரமணியன் சார் ரூமுக்குள்ள நுழைஞ்ச வேகத்துல கேட்டுட்டேன். பத்து வருஷமா இந்தக் காலேஜ்ல அட்மிஷன் கிளார்க்கா இருக்கேன். ஒரு புரொபசர்கிட்ட நான் குரலை உசத்தினது அன்னைக்குத்தான்.

கேக்காம என்ன பண்றது? வயிறு எரியுதே!

எங்க காலேஜ்ல எம்.பி.ஏ. சேரணும்னா ஒரு கட்டுரை எழுதித் தரணும். ரெண்டு புரொபசருங்க தனித்தனியாப் படிச்சு, ஆளுக்கு இருபதுக்கு மார்க் போடுவாங்க. கூட்டினா முப்பது வரணும். யார் எவ்வளவு போட்டாங்கன்னு ஷீட்ல பேர் இருக்காது. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் மட்டுந்தான்.

ஷபீனாவுக்கு ஒருத்தர் பதினேழு, இன்னொருத்தர் பன்னிரண்டு. மொத்தம் இருபத்தொன்பது. போன வருஷமும் இதே இருபத்தொன்பதுலதான் போச்சு. இந்தத் தடவையும் கிடைக்கலன்னா படிப்பை விட்டுடறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்கா.

பள்ளிக்கரணைப் பொண்ணு. அப்பா ஏசி மெக்கானிக். ஃபைல்ல வைக்கறப்போ அவ கட்டுரையைப் படிச்சேன். வெயில் வந்தப்புறம் ரிப்பேருக்கு அல்லாடறதுக்குப் பதிலா, பிப்ரவரியிலேயே பழைய கஸ்டமருக்கெல்லாம் போன் போட்டு, சர்வீஸுக்கு ஆள் அனுப்பி, படுத்துக் கிடந்த கடையை ரெண்டே வருஷத்துல தூக்கி நிறுத்தியிருக்கா. அழுகை கிடையாது, பீத்தல் கிடையாது. "சின்ன வயசுலேருந்தே எனக்குத் தலைமைப் பண்பு"ன்னு அளந்து விட்டதுங்களுக்கெல்லாம் பதினாறு, இவளுக்குப் பன்னிரண்டா?

யார் போட்டிருப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல. இன்னொரு புரொபசர் ஜலால் சார். அவங்க ஜனத்துப் பொண்ணுக்கு அவரா குறைச்சுப் போடுவார்? நெத்தி நிறைய விபூதியும், வாயைத் திறந்தா "தரம் போச்சு, தரம் போச்சு"ன்னு புலம்பலுமா இருக்கற இந்த மனுஷன்தான்.

சுப்ரமணியன் சார் கண்ணாடியைக் கழட்டினார்.

"யாரும்மா, ஏசி மெக்கானிக் பொண்ணா? நான் பதினேழு போட்டேனே! போன வருஷமும் பதினேழு. கிளாஸ்ல படிச்சுக் காட்டணும்னு ஜெராக்ஸ்கூட எடுத்து வச்சிருக்கேன். ஏன், சீட் வரலையா?"

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. ஸாரி சொன்னேனான்னுகூட ஞாபகமில்ல.

"நாலு மணிக்குத்தானே லிஸ்ட் ஒட்டறே? மார்க் போட்டவரே திருத்திக் கையெழுத்துப் போட்டா செல்லும். ஜலால்கிட்ட ஓடும்மா."

மணி மூணேகால். ஓடினேன்.

ஜலால் சாரைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை யாரும் சொல்ல முடியாது. சிபாரிசுன்னு வந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவார். கட்டுரையை அவர் முன்னாடி வச்சேன். நின்னுக்கிட்டே படிச்சார். அப்புறம் உட்கார்ந்து இன்னொரு தடவை படிச்சார்.

"நல்லாத்தானே எழுதியிருக்கா? இதுக்கு ஏன் பன்னிரண்டு போட்டேன்?"

என்னைக் கேக்கல. தன்னைத்தானே கேட்டுக்கிட்டார்.

பழைய ஷீட்டெல்லாம் கொண்டு வரச் சொன்னார். ஆறு வருஷத்து ஷீட்டையும் கொண்டு வந்து வச்சேன். ஒவ்வொரு பேரா விரலை வச்சுப் பார்த்துக்கிட்டே வந்தார். வாஜித், பன்னிரண்டு. சாஹிரா, பதினொண்ணு. அசார், பன்னிரண்டு. பக்கத்துக் கட்டத்துல இன்னொருத்தர் போட்டது பதினஞ்சு, பதினாறு.

"ஆறு வருஷத்துல ஒரு முஸ்லிம் பிள்ளைக்குக்கூட நான் பன்னிரண்டைத் தாண்டலையே ராணிம்மா! சத்தியமா எனக்கே தெரியாது. தன்னோட ஆளுன்னு அள்ளிப் போட்டுட்டான்னு எவனும் சொல்லிடக் கூடாதேன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். அந்தப் பயந்தான் மார்க் போட்டிருக்கு, நான் போடல."

"இப்பத்தான் தெரிஞ்சுடுச்சே சார். ஒரே ஒரு மார்க். பதிமூணு ஆக்கிட்டு ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

பேனா மூடியைக் கழட்டினார். அந்தப் பன்னிரண்டு மேல கோடு போடக் கை போச்சு. அங்கேயே நின்னுடுச்சு.

"கடைசி நேரத்துல நான் திருத்தினது ஒரே ஒரு பேர். அதுவும் ஷபீனாங்கற பேர். நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசுவாங்க?"

"பேசிட்டுப் போகட்டுமே சார்! அந்தப் பொண்ணு வாழ்க்கை சார்!"

"உனக்குப் புரியாதும்மா."

மூடியைத் திரும்பப் போட்டுட்டார். கண்ணு கலங்கியிருந்துச்சு. கலங்கி யாருக்கு என்ன பிரயோஜனம்? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேன். ஆனா அரைமணி முன்னாடி பேரையும் விபூதியையும் பார்த்துத் தீர்ப்பு எழுதினவ நானு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?

நாலு மணிக்கு லிஸ்ட்டை என் கையாலதான் ஒட்டினேன்.

ஷபீனா மேலேருந்து கீழ ஒரு தடவை பார்த்தா. கீழேருந்து மேல ஒரு தடவை பார்த்தா. அழல. கூட்டம் கலைஞ்சதும் என்கிட்ட வந்தா.

"இன்னும் ஒரு தடவை எழுதிப் பாரும்மா. மார்க் போடறதுல சில சமயம்..."னு இழுத்தேன்.

"வேணாம்க்கா. மார்க் போடறவங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல. ஜலால் சார் கமிட்டியில இருக்கார்னு ப்ராஸ்பெக்டஸ்ல பார்த்துட்டுத்தான் தைரியமா ரெண்டாவது தடவை அப்ளை பண்ணேன்."

சொல்லிட்டுச் சிரிச்சா.

"அவரே படிச்சுப் பார்த்தும் வரலன்னா, எனக்கு அந்தத் தகுதி இல்லன்னுதானேக்கா அர்த்தம்?"