பூட்டோடுதான் வருவேன்

ஓர் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சாகக் கிடந்தது. உள்ளே இருந்த ஃபைல்களைக் காப்பாற்ற ஒரு பென்டிரைவ் வந்து செருகிக்கொண்டது.

"ஏறுங்க, ஏறுங்க!" என்று அது கூவியதும், ஃபைல்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு ஏறின. புகார் ஃபைல் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"என் பூட்டையும் சேர்த்துக் காப்பி எடுப்பியா? விசாரிக்கிற ரெண்டு பேர் மட்டும்தான் என்னைத் திறக்கலாம்" என்றது.

"பூட்டெல்லாம் என்கிட்ட தங்காது. என்னை யார் செருகினாலும் எல்லாமே திறக்கும். உயிர் பிழைச்சா போதாதா?"

"போதாது. பூட்டையும் சுமக்கிற டிஸ்க் வந்தா ஏறுறேன். வரலைன்னா இதோட சாகுறேன்."

பென்டிரைவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரொம்பத்தான் பிகு பண்ணாதே! மேனேஜர் பண்ணின அக்கிரமம்தானே உனக்குள்ள இருக்கு? அது ஆபீஸுக்கே தெரியும்."

"தெரியட்டும். ஊர் முழுக்கச் சொல்லு, எனக்கென்ன? நான் காப்பாத்துறது அதை எழுதினவ பேரை. நாளைக்கும் அவ அந்த ஆளுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்காரணும்."