நான்காமவரின் இடது கண்

டாங்கிக்குள் உட்காரவேண்டிய நான்கு பொம்மை வீரர்களில் மூன்று பேர் தயார். கட்டைவிரல் உயரமே இருந்த நான்காமவரின் இடது கண்ணை அவள் நான்காவது முறையாக அழித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காலையில பொம்மை மாடல் போட்டி. இன்னும் ஒத்தைக் கண்ணைக் கட்டிக்கிட்டு அழறே,” என்றான் கணவன்.

“சரியா வரணும்.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் கருவிழிப் புள்ளியை வைத்தாள். அவன் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

“அம்சமா இருக்கு. இதோட விட்டுடு.”

அவள் பஞ்சைத் தின்னரில் நனைத்து அதையும் துடைத்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த புள்ளி மூக்குப் பக்கம் ஒதுங்கி விழுந்தது.

“நல்லா இருந்ததைக் கெடுத்தாச்சு. இப்ப மாறுகண்ணு. நடுவர் மார்க்கைக் குறைச்சுடுவார், பாரு.”

“குறைக்கட்டும்.”

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, பொம்மையை உள்ளறையில் இருந்த தன் அம்மாவிடம் எடுத்துப்போனாள். கணவனும் பின்னாலேயே போனான்.

அம்மா பூதக்கண்ணாடியை வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

“உங்கப்பாவேதான்டி. நீங்க அவரைப் பார்த்ததில்ல மாப்பிள்ளை. டாங்கியில அடிபட்டு வந்த நாள்லேருந்து, என்னைத் திட்டணும்னாகூடப் பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பார்.”