வெளிநாட்டுத் தையல்

"அம்மா, கையை எடுங்கோ! இது சேலை இல்லை, பாராகிளைடர்."

வைத்தீஸ்வரன் போட்ட அதட்டலில் பேராச்சி விரலை இழுத்துக்கொண்டாள். மாட்டுங்காவில் அவர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பழைய கிளைடர்கள் விரிந்து கிடந்தன. நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. கயிறுகளில் ஆளைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு பறக்கும் துணி இறக்கைகள். இரண்டில் ஒன்றை வாங்கி, வரும் ஞாயிறன்று மலையிலிருந்து முதன்முறை தனியாகக் குதிக்கப்போகிறவன் பேராச்சியின் அண்ணன் மகன் நகுல்.

"பாருப்பா, ஒரே கம்பெனி, ரெண்டு மாடல். நீலம் கத்துக்குட்டிகளுக்கு. காத்து கலைச்சுப் போட்டாலும் தானே நிமிர்ந்துக்கும். மாட்டு வண்டி! சிவப்பு ஏக்தம் ரேஸ் குதிரை."

"எது சார் பத்திரம்?" என்று கேட்டாள் பேராச்சி.

"பத்திரமா போகணும்னா பஸ் இருக்கே!"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறைதான். நகுலும் சேர்ந்து இளித்தான். அத்தையை ஏன்தான் கூட்டி வந்தோமோ என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"எங்கயாச்சும் கிழிஞ்சிருக்கா சார்?" அவள் விடவில்லை.

"கிழியறதா? ஒரு தடவைகூட விழுந்தது கிடையாது. ஃபாக்டரியில தைச்சதோட சரி, வேற எவன் கையும் படலை."

"அத்தை, நீ சும்மா இரி. சிவப்பையே எடுத்துக்கிடுதேன் சார்," என்றான் நகுல்.

பேராச்சி உட்கார்ந்து சிவப்புத் துணியின் ஓரத்தைப் புரட்டினாள். உள்பக்கம் மூன்றடி நீளத்துக்கு ஒரு தையல் ஓடியது. அது முடியும் இடத்தில் மஞ்சள் நூலில் கடுகளவு ஒரு முடிச்சு.

"தையல் என்னமோ நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"பின்னே? ஜெர்மன்காரன் தையல். தாராவித் தையல்னு நெனைச்சேளா?"

"தாராவித் தையல்தான் சார். பீஸ் மாறிரக் கூடாதுன்னு எங்க பட்டறையில ஆளுக்கொரு கலர்ல முடிச்சுப் போடுவோம், மஞ்சள் என்னோடது. போன மாசம் கயித்தையெல்லாம் கழத்திட்டுக் கொண்டாந்த ஆளு கார் கவருன்னுல்லா சொன்னாரு... அதான் சாதா நூல்லயே தச்சுட்டேன்!"