எந்த நாய் கடித்தது?

"உங்க முறுக்கு என் பொண்ணைக் கடிச்சிடுச்சு. இன்னிக்கே அதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடணும்."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஞானசேகரின் குரல் நடுங்கியது. அவர் பிடித்திருந்த நிலாவின் கையில் ரத்தம். முறுக்கு, சேக்காட்டுத் தெருவில் குட்டியாகக் கண்டெடுத்து மரகதம் வளர்த்த நாய். இதுவரை யாரையும் கடித்ததில்லை.

அவள் பிள்ளையின் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினாள். பிறகு உள்ளே போய்த் தடுப்பூசி அட்டையை எடுத்து வந்து நீட்டினாள்.

"போன மாசம்தான் வெறிநாய்க்கடி ஊசி போட்டேன் சார். இருந்தாலும் பாப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

நிலா விசும்பினாள். "முறுக்கு கடிக்கலை ஆன்ட்டி. எங்க வீட்டு டைகர்தான். அது சாப்பிடறப்போ தட்டைத் தொட்டேன். அப்பா திட்டுவாங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

மரகதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "டைகருக்கு எப்போ சார் ஊசி போட்டீங்க?"

ஞானசேகரின் முகம் வெளிறியது. "அதுதான் வீட்டை விட்டே வெளியே போறதில்லையேன்னு..."

சட்டென்று மகளின் முன் மண்டியிட்டார்.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. முறுக்குதானே கடிச்சுது?"