ராயல் ராஜா சொன்னது

“அப்பா, அஞ்சு மணியோட முடிஞ்சிடும். அதுக்கு மேல லிஸ்டை மாத்த முடியாது. எந்தக் காலேஜை முதல்ல போடறது?”

லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு பாரதி கத்தினாள். மணி நாலு நாற்பது.

நஞ்சப்பனுக்குச் சந்தேகமே இல்லை. “ஏசி பஸ் விடற பிரைவேட் காலேஜைப் போடு பாப்பா. கவர்மென்ட் காலேஜ் ரெண்டாவதா இருக்கட்டும்.”

பாரதியின் கட்-ஆஃபுக்கு இரண்டுமே கிடைக்கும். எதை முதலில் போடுகிறாளோ, அங்கேதான் நாலு வருஷம். இன்ஜினியரிங் கவுன்சலிங் அப்படி.

“வேணாம் தம்பி” என்றாள் பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள்.

அவள் மகள் மலர்விழி அதே ஏசி பஸ் காலேஜில்தான் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். லேப்டாப்பும் மலர்விழியுடையதுதான். கொண்டுவந்து கொடுத்த கையோடு அம்மாவும் மகளும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“லேப்ல நாலு புள்ளைங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரு. வாத்தியாரு மாசத்துக்கு ஒருத்தரு மாறுறாரு. நம்ம பாரதிக்கு அந்தக் காலேஜ் வேணாம்.”

நஞ்சப்பனுக்குச் சுருக்கென்றது. “மலரு சேர்ந்தப்ப, ‘எம் பொண்ணு ஏசி பஸ்ஸுல போறா’ன்னு நல்லம்பள்ளி முழுக்கச் சொன்னீங்களேக்கா? எம் பொண்ணு போறான்னதும் காலேஜ் கெட்டுப்போச்சுங்களா?”

“சொன்னேன். அப்ப நான் பஸ்ஸைத்தான் பார்த்திருந்தேன். காலேஜை எங்க பார்த்தேன்?”

“வயித்தெரிச்சல்னு வெளிய சொல்ல முடியாதில்லைங்க!”

நஞ்சப்பன் விவரமில்லாத ஆள் இல்லை. தக்காளிக்கு மருந்தடிக்கவே மூன்று வீடியோ பார்ப்பவர், மகள் படிப்பென்றால் சும்மா விடுவாரா? ஒரு மாதமாக யூடியூப்பே கதி. அந்தக் காலேஜ் வீடியோவுக்குக் கீழே இருந்த கமெண்ட் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதிலும் ‘ராயல் ராஜா’ என்றொருவர் எழுதியது என்றால் உயிர்.

“கேளுங்கக்கா, ராஜா தம்பி என்ன எழுதியிருக்காரு பாருங்க. ‘நான் இங்க மூணாவது வருசம். லேப் சூப்பர். வாத்தியாருங்க எல்லாம் தெய்வம். வேலை நிச்சயம். என் வாழ்க்கையே மாறிடுச்சு!’ கவர்மென்ட் காலேஜ் வீடியோவுக்குக் கீழ என்ன இருக்கு தெரியுங்களா? குழாயில தண்ணி வரலையாம். சாம்பார்ல பருப்பைத் தேடணுமாம். கணக்கு வாத்தியாரு ரொம்பக் கறாராம்!”

“வாத்தியாருன்னு ஒருத்தரு இருக்கறதாலதானே கறாரா இருக்காரு?”

நஞ்சப்பன் காதில் வாங்கவில்லை. தீர்த்தம்மாளும் விடுவதாக இல்லை.

“ஏன் தம்பி, மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி அடுக்கறியே, மேல எதை வைப்பே?”

பாரதி சிரித்துவிட்டாள். “நல்ல பழத்தை அத்தை. சொத்தையெல்லாம் அடியில.”

“நீ சும்மா இரு பாப்பா!”

“அந்த ராஜா மட்டும் என் கையில சிக்கட்டும்” என்று தீர்த்தம்மாள் எழுந்தே விட்டாள். “ஊரான் வூட்டுப் புள்ளைங்க வாழ்க்கையில வெளையாடறான். வெளக்குமாறு பிஞ்சிடும்!”

மலர்விழிக்கு முகம் வெளிறிப்போனது. “அம்மா, வா, வூட்டுக்குப் போலாம்” என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“பாத்தீங்களா, உங்க பொண்ணுக்கே பொறுக்கலை” என்றார் நஞ்சப்பன்.

மணி நாலு ஐம்பது. பாரதியின் விரல் லேப்டாப் மேலேயே நின்றது.

“சரி, எதுக்கு வம்பு? ராஜா தம்பியையே கேட்டுடறேன்.” நஞ்சப்பன் போனை வாயருகே கொண்டுபோய், அந்தக் கமெண்டுக்குக் கீழேயே பதில் போட்டார். “தம்பி ராஜா, எம் பொண்ணை உங்க காலேஜ்ல சேக்கலாங்களா? கூடப் பொறந்தவளா நெனச்சுச் சொல்லுங்க.”

அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

மலர்விழியின் போன் ‘டிங்’ என்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் போன் சும்மாவா இருக்கும்? அவள் அதைப் பார்த்தாள். பாரதியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு என்னவோ தட்டினாள்.

இரண்டே நிமிஷம். நஞ்சப்பனின் போன் ‘டிங்’ என்றது.

“பதில் வந்துடுச்சு பாருங்க! இதாங்க ராஜா!” பெருமையோடு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். “வேணாங்க...”

மீதியை மனசுக்குள்தான் படித்தார்.

‘வேணாங்க மாமா. காலேஜ்ல ஆளுக்கொரு நல்ல கமெண்ட் போட்டுக் காட்டினாத்தான் ஹால் டிக்கெட்னு சொன்னாங்க. வேற பேர்ல போட்டேன். எங்கம்மா சொல்றதுதான் நெசம். படிச்சிட்டீங்கன்னா தலையை ஆட்டுங்க, அழிச்சிடறேன். வெளக்குமாறு விசயம் ஞாபகம் இருக்கட்டும்.’

நஞ்சப்பன் மெல்ல நிமிர்ந்தார். எதிரே மலர்விழி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தலையை ஆட்டினார். பதில் மறைந்தது. ராயல் ராஜாவும் மறைந்தார்.

“பாப்பா, கவர்மென்ட் காலேஜை மேல தூக்கு. சீக்கிரம், சீக்கிரம்!”

பாரதி மாற்றிவிட்டு மூச்சு விட்டபோது மணி நாலு ஐம்பத்தேழு.

தீர்த்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “அப்படி என்னதான் தம்பி சொன்னான் உன் ராஜா?”

“நீங்க சொன்னதையேதாங்கக்கா சொல்றாரு.” நஞ்சப்பன் போனைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். “யாரு பெத்த புள்ளையோ, நல்லா வளத்திருக்காங்க.”