ஏழு துண்டு சுட்ட கறி

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் மீசை கொட்டிடட்டும். மீசையே இல்லையேன்னு சிரிக்காதீங்க. அது போன கதைக்குக் கொட்டினது.

முப்பத்தஞ்சாம் வருஷம், ஜூலை பதினாலு. பிரெஞ்சுக்காரன் கொடியேத்தி வேட்டு போடுற நாளு. சாரங்கிற ஊர்ல அமலநாதன் வூட்டுல விருந்து. அவன் ஒரு தொர வூட்டுல சமையல் பாக்குற குசினிக்காரன். தங்கச்சி ஸ்டெல்லாமேரி ஏழு மாச வயித்தோட வந்திருந்தா. கூடவே மாமியா வேளாங்கண்ணி. புருசன் மிக்கேலு சைகோன்ல, பட்டாளத்துல.

கொல்லையில கரி நெருப்பு. கம்பியில கோத்த ஆட்டுக்கறி சொர்ருன்னுது.

"தங்கச்சி, தொரமாருக்கு சுடுற பக்குவம் இது. வெளிய மொறுமொறுன்னு இருக்கும், உள்ள சாறு ஒரு சொட்டு போவாது."

ஸ்டெல்லாவுக்கு மூணு நாளா கனவுல வந்த கறி. எடுத்து வாய்கிட்ட கொண்டுபோனா.

"இப்டி குடு."

மாமியா புடுங்கி, நகத்தால ஒரு கிள்ளு கிள்ளிப் பாத்தா. சொவத்துப் பக்கம் திரும்பி முந்தானையால மூடிக்கினா.

"என்னா அத்தை!"

"எனக்கும் ஆசையாத்தான்டி இருக்கு."

அமலநாதன் இன்னொண்ணு வெச்சான். அதுவும் போச்சு. மூணு, நாலுன்னு ஏழும் போச்சு. ஸ்டெல்லா தட்டுல மிஞ்சினது ரொட்டியும் வெங்காயமும்.

அண்ணி ரோசாவுக்குப் பொறுக்கல. "ஏன் சம்பந்தியம்மா, ஒங்க ஊரு அரியாங்குப்பத்துல ஆடே இல்லியா?"

"இருக்கு. சுடத்தான் ஆளில்ல."

வந்த சனமெல்லாம் வாயப் பொத்திச் சிரிச்சிது. வேளாங்கண்ணி எழுந்துக்கினா. "வயிறு முட்டிப்போச்சி. நான் முன்ன போறேன், நீ வெயில் தாழ வா." மடியப் புடிச்சிக்கினே போனா.

"தின்னது நடக்க உடல, பாரு," ன்னா ரோசா.

ஸ்டெல்லா அழுதுட்டா. "மொதப் புள்ள அஞ்சாம் மாசத்துல போனதுலேருந்து இதத் தொடாத, அதத் திங்காதன்னு உசுர வாங்குறாங்க. எனக்கு வெச்சத இவங்க திங்கலாமாம். இனிமே அந்த வூட்டுல இருக்கமாட்டேன்ண்ணா. சைகோனுக்கும் எழுதிப் போடு, ஒங்கம்மா வயித்துப்புள்ளக்காரி தட்டுல கைய வெச்சாங்கன்னு."

வெயில் தாழ, பெட்டிய எடுத்துக்கினு வந்துடலாம்னு ஆளு தள்ளுற புஷ்புஷ் வண்டியில அண்ணனும் தங்கச்சியும் அரியாங்குப்பம் போனாங்க. அண்ணன் தெருவுல வண்டிகிட்ட நின்னுக்கினான். இவ மட்டும் உள்ள போனா.

அடுப்புல சட்டி. மாமியா முந்தானை பூரா எண்ணெப் பிசுக்கு.

"வந்துட்டியா? இரு, இன்னும் ஒரு கொதி."

ஸ்டெல்லா எட்டிப் பாத்தா. மொளகுத் தண்ணியில கறி. எண்ணிப் பாத்தா, ஏழு.

"அத்தை... நீங்க திங்கவே இல்லியா?"

"வெளிய கருகிக் கெடக்கு, கிள்ளிப் பாத்தா உள்ள ரத்தம். தொரைக்குச் செரிக்கும். வயித்துல இருக்கறதுக்கு ஆவுமா? ஒண்ண மண்ணுல வெச்சது போதும்."

"அங்கயே சொல்றதுக்கென்ன? எல்லாரும் ஒங்கள தின்னின்னு பேசுறாங்க!"

"பேசிட்டுப் போறாங்க. ஒன் பொறந்த வூட்டுல, அத்தினி பேரு முன்னால, ஒங்கண்ணன் கறி வேகலன்னு சொல்லச் சொல்றியா?"

தெருவுலேருந்து அமலநாதன் கத்தினான். "தங்கச்சி, பெட்டிய எடுத்துட்டியா?"

"பெட்டியா? எதுக்குடி?"

ஸ்டெல்லா மூக்கத் தொடச்சிக்கினு வாசலுக்குப் போனா. "நீ கெளம்புண்ணா. நீ சுட்ட கறி அத்தைக்கு ரொம்பப் புடிச்சிச்சாம்!"

அவ்ளோதான் கதை. கேட்டுட்டு நைசா நழுவாதீங்க, எனக்கு ரெண்டு துண்டு கறி வந்தாவணும். நானும் கிள்ளிப் பாத்துதான் வாங்குவேன்.