மேசைக்கு அடியில்

குழந்தை இயேசுவைக் காண மூன்று ராஜாக்கள் வந்த திருநாள். கேக்குக்குள் ஒரு பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ அவருக்குத்தான் காகிதக் கிரீடம். கள்ளாட்டம் நடக்காமலிருக்க, வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும்.

"உள்ள போம்மா, அர்மெல்," என்றார் அப்பா, கத்தியும் கையுமாக.

"மாட்டேன்."

"மகாராணிக்கு முட்டி மடங்கலையோ?" என்றார் சித்தப்பா.

"எனக்கு ஒன்பது வயசாச்சு. அது கடைக்குட்டியோட வேலை."

"கேக் சூடு ஆறுதும்மா," என்றார் அப்பா.

"போன வருஷம் நான் போகலையே."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"இந்த வருஷம் நீதாம்மா கடைக்குட்டி."

போன வருஷம் அங்கே உட்கார்ந்து, எல்லாத் துண்டும் "எனக்கு, எனக்கு" என்று கத்திய தம்பி லூசியனைத் திராட்சை அறுவடையின்போது காய்ச்சல் கொண்டுபோயிருந்தது.

அர்மெல் அசையவில்லை. அம்மாதான் மண்டியிட்டு மேசைத் துணிக்குள் நுழைந்தாள். உள்ளேயிருந்து அவள் கை நீண்டது.

"வா கண்ணு. ரெண்டு பேருமாச் சொல்லலாம்."

அர்மெல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா முதல் துண்டை வெட்டினார்.

"இது யாருக்கு?"



"லூசியனுக்கு," என்றாள் அர்மெல். "வாசல்ல யாராவது பசியோட வந்தா, அவங்ககிட்ட குடுத்துடுங்கப்பா."